டவர் வைத்த படகெல்லாம் சர்ஃப் படகல்ல

டெக்சஸின் ஆஸ்டின் பக்கம் பழைய படகு வாங்க நினைப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முன்பணம் கொடுங்கள். லேக் டிராவிஸ் ஏரிக்குப் போகும் சாலைகளில் படகு விற்பவர்களுக்குப் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவரிடம் 2022 வசந்தத்தில் நாங்கள் வாங்கிய படகைப் பற்றித்தான் எழுதுகிறேன். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அவர்கள் செய்ததைத் தெரிந்துகொண்டால் வேறு கடைகளிலும் உங்களுக்கு உதவும்.

எங்களுக்கு என்ன வேண்டும் என்பதை மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தேன். மகனுக்கு வேக்போர்டு, மகளுக்கு வேக்சர்ஃப், இரண்டுக்கும் ஏற்ற படகு வேண்டும், சர்ஃப்தான் முக்கியம் என்று. "சர்ஃபுக்குத் தயாரான படகு ஒன்று நிற்கிறது, சனிக்கிழமை வாருங்கள்" என்று பதில் வந்தது. அந்த இரண்டு வரிப் பதிலை அழிக்காமல் வைத்திருந்ததுதான் பிறகு எங்களுக்குக் கைகொடுத்தது.

இந்த விளையாட்டுகளைப் பார்த்திராதவர்களுக்காக ஒரு விளக்கம். வேக்போர்டு என்பது இரு கால்களையும் பலகையில் பூட்டிக்கொண்டு, 65 முதல் 75 அடி நீளக் கயிற்றைப் பிடித்தபடி, மணிக்கு 20 மைல் சொச்சம் வேகத்தில் படகின் பின்னால் இழுபட்டுப் போவது. வேக்சர்ஃப் வேறு வகை. படகு மணிக்கு 10 முதல் 12 மைல் வேகத்தில்தான் நகரும். பலகை ஓட்டுபவர் எழுந்து நின்றதும் கயிற்றைப் படகுக்குள் வீசிவிட்டு, படகு எழுப்பும் அலையின் சரிவிலேயே வழுக்கிக்கொண்டு வருவார். அந்த அலை படகை ஒட்டித்தான் இருக்கும். அதாவது ஓட்டுபவருக்கும் படகின் பின்புறத்துக்கும் இடையே சில அடிகளே இருக்கும். விழுந்தால் பெரும்பாலும் முன்னால், படகின் பக்கமாகத்தான் விழுவார்.

சனிக்கிழமை போனோம். பளபளவென்று ஒரு படகு, 19 அடிக்கும் சற்றுக் கூடுதலான நீளம். மேலே சிவப்பு டவர், அதாவது இழுகயிற்றைக் கட்டும் உயரமான உலோக வளைவு, டவரில் ஒலிபெருக்கிகள், பலகை மாட்டும் கொக்கிகள். பின்னிருக்கைக்குக் கீழே இரண்டு பெரிய பாலஸ்ட் பைகள். ஏரித் தண்ணீரை நிரப்பினால் ஒவ்வொன்றும் 750 பவுண்டு கனக்கும், அந்தப் பாரத்தில் படகின் பின்புறம் தாழ்ந்து அலை பெரிதாகும் என்றார் விற்பனையாளர். அலையைச் செதுக்க என்று, உறிஞ்சுகிண்ணங்களால் படகின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும் ஒரு பிளாஸ்டிக் பலகையையும் எடுத்துக் காட்டினார். விலை 26,500 டாலர். கேள்வி கேட்டதெல்லாம் நான். பதில் சொன்னதெல்லாம் என் கணவரைப் பார்த்து. படகைப் பற்றி அவருக்கு அ, ஆ கூடத் தெரியாது. மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

எஞ்சினை ஓட்டிக் காட்டுங்கள் என்றேன். டிரெய்லரில் நின்ற படகுக்குத் தோட்டக் குழாயில் தண்ணீர் கொடுத்துச் சில நிமிடங்கள் ஓட்டினார். சத்தம் சீராகத்தான் இருந்தது. ஏரியில் இறக்கிப் பார்க்க வேண்டும் என்றபோது, முழுத் தொகை கட்டியவர்களுக்கு மட்டும்தான் ஏரி ஓட்டம், அது கடையின் காப்பீட்டு விதி என்றார். "இதற்குப் பின்னால் குழந்தைகள் சர்ஃப் செய்யலாமா?" என்று நேரடியாகவே கேட்டேன். "தாராளமாக. எங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் செய்கிறார்கள். டிரைவை முழுவதும் கீழே இறக்கிவிடுங்கள், அவ்வளவுதான்." கையோடு மகளுக்கு ஒரு சர்ஃப் பலகையையும் அதே பில்லில் சேர்த்து விற்றார்.

வீட்டுக்கு வந்து சர்ஃப் பலகையின் பெட்டியைப் பிரித்தபோது, உள்ளே இருந்த எச்சரிக்கைத் தாளை மகள் வாசித்தாள். இன்போர்டு படகுகளுக்குப் பின்னால் மட்டுமே சர்ஃப் செய்ய வேண்டும், அவுட்போர்டு, ஸ்டெர்ன் டிரைவ் படகுகளுக்குப் பின்னால் ஒருபோதும் கூடாது என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது. "அம்மா, நம்முடையது எது?" என்றாள். வாசலில் நின்ற படகின் பின்னால் போய்க் குனிந்து பார்த்தோம். படகின் பின்சுவரான பின்பலகைக்கு வெளியே கால் போன்ற ஒரு பாகம் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் நுனியில், நீச்சல் மேடையின் விளிம்புக்கு நேர் கீழே, புரொப்பெல்லர்.

ஸ்டெர்ன் டிரைவ் என்பது அதுதான். எஞ்சின் படகுக்குள் இருக்கும். புரொப்பெல்லரைச் சுமக்கும் கால், அதாவது டிரைவ், பின்பலகைக்கு வெளியே தொங்கும். அவுட்போர்டில் எஞ்சினே வெளியே தொங்கும். இன்போர்டில் புரொப்பெல்லர் படகின் அடிவயிற்றில், பின்பலகைக்கு நன்றாக முன்னால் இருக்கும். அதற்கும் பின்னால் சுக்கான் இருக்கும். பின்னால் விழுபவர் புரொப்பெல்லரைத் தொடுவது மிகவும் கடினம். 70 அடிக் கயிற்றின் நுனியில் வேக்போர்டு ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு அவ்வளவாக உறைக்காது. ஸ்டெர்ன் டிரைவ் படகுக்குப் பின்னால் வேக்போர்டு ஓட்டுவது வழக்கம்தான். விற்பனையாளர் இந்த அரை உண்மையைத்தான் சர்ஃபுக்கும் நீட்டி விற்றுவிட்டார். சில அடி தொலைவில் பதினான்கு வயதுப் பெண் விழுகிறாள், எதிரே சுழலும் இரும்பு. டிரைவைக் கீழே இறக்கினால் புரொப்பெல்லர் கொஞ்சம் ஆழத்துக்குப் போகும். காணாமல் போய்விடாது.

விதிவிலக்கு ஒன்று உண்டு. வால்வோ பென்டா 2015-இல் கொண்டுவந்த முன்னோக்கிய டிரைவில் புரொப்பெல்லர்கள் காலின் முன்பக்கம், படகுக்கு அடியில் இருக்கும். சர்ஃபை மனதில் வைத்தே வந்த அமைப்பு அது. ஸ்டெர்ன் டிரைவ் விற்பவர்கள் சிலர் இதைக் காட்டி, இப்போதெல்லாம் எல்லா டிரைவும் பாதுகாப்பானதுதான் என்று பேசுவார்கள். புரொப்பெல்லர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று குனிந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரிகிற விஷயம்தான்.

கடைக்குத் தொலைபேசியில் அழைத்து அந்தத் தாளை வாசித்துக் காட்டினேன். "அதெல்லாம் வக்கீல்களுக்காக எழுதுவது, மேடம்" என்றார். இவர் கடையில் விற்ற பலகை, இவர் விற்ற படகுக்குப் பின்னால் என்னை ஓட்டாதே என்கிறது. இவரோ சிரிக்கிறார்.

அடுத்ததாகக் கொள்ளளவுத் தகட்டைப் பார்த்தோம். 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் இந்தத் தகடு இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் விதி. எங்கள் படகில் ஓட்டுநர் இருக்கையின் அருகே இருந்தது: ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து 1,150 பவுண்டு. அவர் வைத்துக் கொடுத்த பைகள் இரண்டும் நிரம்பினால் 1,500 பவுண்டு. அதாவது ஒருவர்கூட ஏறாமலே படகு அளவைத் தாண்டிவிடும். தகட்டை மறைத்து ஒரு கோப்பைத் தாங்கி ஒட்டப்பட்டிருந்தது. தற்செயலாக இருக்கலாம், நான் நம்பவில்லை.

சர்ஃபை விட்டுவிட்டு மகனை மட்டும் வேக்போர்டில் ஏற்றிக்கொண்டு ஏரிக்குப் போனோம். முற்பகல் முழுவதும் ஓட்டியபின் எஞ்சின் சூடு ஏறத் தொடங்கியது. கரைக்கு வந்து எண்ணெய்க் குச்சியை உருவினால், தேன் நிறத்தில் இருக்க வேண்டிய எண்ணெய் பால் ஊற்றிய காபியாக வந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

தனியாகப் பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினோம். பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற ஒரு சிறு கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து, புகைபோக்கிக் குழாய்களுக்குக் கீழே எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டைக் காட்டினார். புதுப் பெயின்ட். அதை நகத்தால் சுரண்டியதும் உள்ளே சாம்பல் நிற எபாக்சி, விரல் நீளத்துக்கு. "2021 பிப்ரவரி" என்றார்.

டெக்சஸே கடுங்குளிரில் உறைந்த அந்த வாரம் இங்கே இருப்பவர்களுக்கு மறக்காது. இந்த வகை எஞ்சின்கள் பல ஏரித் தண்ணீரையே உள்ளே இழுத்துக் குளிர்கின்றன. ஓட்டி முடித்த பிறகும் பிளாக்கின் தாழ்வான அறைகளில் தண்ணீர் தங்கியிருக்கும். வட மாநிலங்களில் குளிர்காலத்துக்கு முன் அதை வடித்து உறைதடுப்புத் திரவம் ஊற்றுவது வழக்கம். இங்கே பலர் அதைச் செய்வதில்லை. எஞ்சின் அறையில் ஒரு சிறு மின்கணப்பை வைத்துவிட்டுச் சும்மா இருப்பார்கள். அந்த வாரம் மின்சாரமும் போயிற்று. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், வார்ப்பிரும்பு அதற்கு இடம் கொடுக்காது. வெளிப்புற வெடிப்பை எபாக்சியால் அடைத்துவிட்டார்கள். உள்ளே இருந்த வெடிப்பை அடைக்க வழியில்லை. புது எண்ணெய் ஊற்றி, தோட்டக் குழாயில் சில நிமிடங்கள் ஓட்டிக் காட்டினால் அது வெளியே தெரியாது. ஏரி ஓட்டத்துக்கு ஏன் காப்பீட்டு விதி குறுக்கே வந்தது என்பது அப்போது விளங்கியது.

கடையில், "உள்ளது உள்ளபடி வாங்குகிறேன்" என்று நாங்கள் கையெழுத்திட்ட தாளைக் காட்டினார்கள். பலர் இந்த இடத்தில்தான் திரும்பிவிடுகிறார்கள். திரும்ப வேண்டியதில்லை. பொய் சொல்லி வாங்க வைத்திருந்தால் அந்தக் கையெழுத்து விற்றவரைக் காப்பாற்றாது என்று டெக்சஸ் உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லியிருக்கிறது. 1973-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இங்கே இருக்கிறது. அதன்படி, வழக்குப் போடுவதற்கு 60 நாள் முன்னதாக, என்ன குறை, எவ்வளவு தொகை என்று எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தெரிந்தே ஏமாற்றியதாக நிரூபணமானால் இழப்பைப் போல் மூன்று மடங்கு வரை கிடைக்கக்கூடும். 20,000 டாலர் வரையிலான வழக்கை வட்டார ஜஸ்டிஸ் நீதிமன்றத்திலேயே போடலாம். எங்கள் தொகை அதைத் தாண்டியதால் ஒரு வழக்கறிஞரைப் பார்த்தோம். மின்னஞ்சல், பலகையின் பில், எச்சரிக்கைத் தாள், தகட்டின் படம், மெக்கானிக்கின் அறிக்கை எல்லாவற்றையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினார். இத்தனை நாள் தொலைபேசியை எடுக்காதவர்கள் தாங்களே அழைத்தார்கள். படகைத் திரும்ப எடுத்துக்கொண்டு 21,000 டாலர் கொடுத்தார்கள். விற்பனை வரி, மெக்கானிக், வழக்கறிஞர், கோடை விடுமுறை எல்லாம் எங்கள் கணக்கில். வழக்கை இழுக்க எங்களுக்குத் தெம்பில்லை.

சர்ஃபுக்குப் படகு தேடுகிறவர்கள் டவரையும் ஒலிபெருக்கியையும் பார்க்காதீர்கள். முதலில் பின்னால் போய்க் குனியுங்கள். புரொப்பெல்லர் கண்ணில் படும் இடத்தில் இருந்தால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். இன்போர்டிலும் இரண்டு வகை உண்டு. எஞ்சின் நடுவில் இருக்கும் நேரடி டிரைவ் படகு, படகின் பின்னால் எழும் அலை சிறிதாக வேண்டும் என்று நினைக்கும் நீர்ச்சறுக்குக்காரர்களுக்கானது. எஞ்சினைப் பின்னால் தள்ளி வைத்த வி-டிரைவ்தான் நமக்கு. அந்த எடையே பின்புறத்தைத் தாழ்த்தும். பாலஸ்ட் தொட்டிகள் படகோடு சேர்ந்து வந்தவையாக இருக்கட்டும். மலிபு நிறுவனம் 2012-இல் சர்ஃப் கேட்டைக் கொண்டுவந்த பிறகு, படகை ஒரு பக்கமாகச் சாய்க்காமலே பின்புறத் தகடுகளால் அலையை இடமோ வலமோ மாற்றும் அமைப்புகள் பரவிவிட்டன. அதற்கு முந்தைய வி-டிரைவ் படகுகள் விலை குறைவு. எடையைப் பக்கம் மாற்றும் சிரமம் பரவாயில்லை என்றால் தாராளமாக வாங்கலாம். வேகத்தைத் தானே பிடித்துவைக்கும் கருவி இருக்கிறதா என்று பாருங்கள். 11 மைலில் இருந்து ஒரு மைல் நழுவினாலும் அலையின் வடிவம் கெட்டுவிடும்.

எஞ்சின் ஓடிய மணிக்கணக்கை முகப்புக் கடிகாரத்தில் பார்த்து நம்பாதீர்கள், அதை மாற்றுவது எளிது. எஞ்சின் கணினியில் உள்ள கணக்கை மெக்கானிக் தன் கருவியால் படித்துச் சொல்வார். அந்த மெக்கானிக்கை நீங்களே அழைத்து வாருங்கள், கடைக்காரர் சொல்லும் ஆள் வேண்டாம். ஏரியில், தொட்டிகள் நிரம்பிய நிலையில், எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஓட்டி, பிறகு எண்ணெய்க் குச்சியை உருவுங்கள். மறுத்தால் கிளம்பிவிடுங்கள். இன்போர்டிலும் புகை ஒரு பகையே. மணமில்லாத கார்பன் மோனாக்சைடு மெதுவாகப் போகும் படகின் பின்புறத்தில் தேங்கும். புகைக்குழாயைத் தண்ணீருக்குள் திருப்பிவிடும் அமைப்பு இருந்தால் நல்லது. இருந்தாலும் எஞ்சின் ஓடும்போது பின்மேடையில் யாரும் உட்காரக் கூடாது.

இன்னொன்று, பைகளைப் பற்றி. படகில் தங்கிய தண்ணீரோடு ஏரிக்கு ஏரி பரவும் வரிக்குதிரைச் சிப்பிகள் டிராவிஸில் 2017 முதல் இருக்கின்றன. ஏரியை விட்டுக் கிளம்புமுன் படகிலுள்ள தண்ணீரை எல்லாம் வடித்துவிட வேண்டும் என்பது டெக்சஸ் சட்டம். எங்களுக்கு விற்ற பைகளின் வாயிலேயே நகக்கண் அளவில் காய்ந்த சிப்பி ஓடுகள் ஒட்டியிருந்தன. முன்னால் வைத்திருந்தவர் எதையும் வடித்ததில்லை போலிருக்கிறது.

போன வாரம் அதே படகை விற்பனைக்குப் போட்டிருப்பதைப் பார்த்தேன். அதே சிவப்பு டவர், அதே பைகள், விலையில் ஆயிரம் டாலர் குறைத்திருக்கிறார்கள். "சர்ஃபுக்குத் தயார்" என்ற வாசகம் அப்படியே இருக்கிறது. எஞ்சினை மாற்றியதாக ஒரு சொல் இல்லை.