டிராபிகோ 6: பூத் டியூட்டி டீச்சர் தீவை ஆண்ட கதை

கணினி விளையாட்டில் அதிபராக நின்ற முதல் தேர்தலிலேயே தோற்றுப்போனேன். தோற்றால் எதிர்க்கட்சி வரிசையில் போய் உட்காரலாம் என்றெல்லாம் இல்லை, ஆட்டமே முடிந்தது. மகன் சிரித்த சிரிப்பில் தெருநாய் குரைத்தது.

நான் பாளையங்கோட்டையில் கணக்கு டீச்சர். சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி என்று எதையும் விடாமல் பூத் டியூட்டி பார்த்தவள். பொறியியல் படிக்கிற மகன் மே மாத லீவில் வந்தபோது ஸ்டீம் என்கிற இணைய விளையாட்டுக் கடையில் தள்ளுபடியில் டிராபிகோ 6 வாங்கினான். "எம்மா, இதுல எலெக்‌ஷன்லாம் வருது, நீ ஆடிப் பாரு" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினான். அன்றைக்கு உட்கார்ந்தவள்தான்.

இந்த வரிசையில் முதல் விளையாட்டு 2001-ல் வந்தது, இது 2019. கரீபியன் பக்கத்து வாசனையோடு ஒரு கற்பனைத் தீவு நாடு. ஆள்கிறவருக்குப் பெயர் எல் பிரெசிடெண்டே, கூடவே ஜால்ரா தட்டுவதற்கு பெனல்டிமோ என்று ஓர் ஆள். காலனிக் காலத்தில் தொடங்கி உலகப் போர்கள், பனிப்போர், இன்றைய காலம் என்று நாலு கட்டம். முந்தைய பாகங்களில் ஒரே தீவு, இதில் தீவுக்கூட்டம். பாலம் போட்டு இணைத்துக்கொள்ளலாம். ஆள் அனுப்பி வெளிநாட்டு நினைவுச்சின்னங்களைத் திருடிக்கொண்டும் வரலாமாம். அந்தப் பக்கம் நான் போகவில்லை, வாழைத்தோட்டமே எனக்குப் போதும்.

பிறந்த ஊர் வாழைக்குப் பேர்போன களக்காடு. மண் எங்கே பச்சையாகக் காட்டுகிறதோ அங்கே வாழை, அப்புறம் கரும்பு, கரும்பிலிருந்து ரம், புகையிலையிலிருந்து சுருட்டு. கப்பல் வந்து ஏற்றிக்கொண்டு போகும்போதெல்லாம் கஜானா நிறைந்தது. நான் நன்றாகத்தான் ஆள்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தீவில் நடமாடுகிற ஒவ்வோர் ஆளையும் அழுத்திப் பார்க்க முடிகிறது. இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்ததே இதுதான். வாழைத்தோட்டத்தில் வேலை பார்க்கிற ஒருத்தியைத் திறந்து பார்த்தேன். சாப்பாடு, மருத்துவம், கோயில், வீடு, வேலை, பாதுகாப்பு என்று வரிசையாக அவளுடைய மனநிலை. சாப்பாடு பரவாயில்லை. வீடுதான் தகரக் குடிசை. சர்ச்சுக்குப் போக தீவின் அந்தக் கோடிவரை நடக்கிறாள், நடந்து வருவதற்குள் பாதிப் பொழுது போய்விடுகிறது, தோட்டத்தில் காய் குறைகிறது. அவளுடைய ஆதரவு எனக்கு இல்லை என்பதும் அங்கேயே தெரிகிறது. வாக்களிக்கிற மறைப்பு அட்டைக்குப் பின்னால் யாரும் எட்டிப் பார்க்காமல் பார்த்துக்கொள்வதுதான் இத்தனை வருஷமாக என் வேலை. இங்கே ஓட்டர் மனசை நானே திறந்து படிக்கிறேன். கூசியது. ஆனாலும் அடுத்த ஆளையும் திறந்தேன்.

சரி, தேர்தல். அறிவிப்பு வந்ததும் அரண்மனை மாடத்தில் நின்று பேச வேண்டும். எந்தப் பிரச்சினையைத் தொடுவது, யாரைப் பாராட்டுவது, பழியை யார் தலையில் போடுவது, என்ன வாக்குறுதி கொடுப்பது என்று நாமே தேர்ந்தெடுக்கிறோம். முதலாளித்துவம், கம்யூனிசம், மதம், ராணுவம் என்று தீவில் பல கோஷ்டிகள், ஒருவருக்கு இனிப்பது இன்னொருவருக்குக் கசக்கும். நான் வீட்டுவசதியை வாக்குறுதியாகக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அவசரமாகக் குடியிருப்புகளுக்கு இடம் குறித்தேன். நம்ம ஊரில் தேர்தலுக்கு முந்தின மாதம் ரோடு போடுகிற வித்தை இங்கே செல்லாது. கட்டுமான ஆட்கள் குடிசையிலிருந்து நடந்து வர வேண்டும், பொருள் வந்து சேர வேண்டும், அப்புறம்தான் சுவர் எழும்பும். ஓட்டுப்போடும் நாளில் என் குடியிருப்புகள் அஸ்திவாரத்தில் நின்றன.

தோற்பது உறுதி என்று தெரிந்ததும் மகன், "ஓட்டுக் கணக்குல கை வைம்மா, அதுக்குத்தான வழி வச்சிருக்கான்" என்றான். ராணுவச் சட்டம் போட்டால் தேர்தலே நடக்காது என்று இன்னொரு யோசனையும் சொன்னான். "போ லே, ஓட்டுக் கணக்குப் படிவம் பதினேழு சி எழுதின கைல இது" என்றேன். நேர்மையாக நடத்தி நேர்மையாகத் தோற்றேன்.

குறை என்று பார்த்தால், தேர்தல் இருக்கிறது, பூத் இல்லை. விடியற்காலை ஐந்தரைக்கு ஏஜென்டுகளை உட்கார வைத்துக் குறைந்தது 50 மாதிரி ஓட்டுப் போட்டு, எண்ணிக் காட்டி, அழித்து, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று காட்டுகிற விவிபாட் சீட்டுகளைக் கறுப்பு உறையில் போட்டு ஒட்டுவோமே, அந்தப் பதற்றம் எதுவும் இல்லை. மை வைக்க நீட்டுகிற பாட்டியின் விரல் இல்லை. சீட்டு ஏழு விநாடி தெரிந்து மறைவதற்குள் "விழுந்துட்டா டீச்சர்?" என்று கேட்கிற குரல் இல்லை. தேதி வருகிறது, எண்ணிக்கை வருகிறது, முடிந்தது. நாற்காலியில் இருந்து பார்த்தால் தேர்தல் இப்படித்தான் தெரியும்போல. அதைச் சொல்லத்தான் இப்படி வைத்தார்கள் என்றால் கெட்டிக்காரர்கள். எனக்கு ஒரே ஒரு பூத்தாவது வேண்டும்.

தமிழ் கிடையாது. பெனல்டிமோவின் நக்கலில் பாதியை மகன்தான் விளக்கினான். எங்கள் பழைய லேப்டாப் கிரைண்டர் மாதிரி சத்தம் போட்டுச் சுட்டது, அது லேப்டாப்பின் வயசு. சின்னப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர மாட்டேன். எதிர்ப்பவனைச் சிறையில் போடுவதும் காசு கொடுத்து மடக்குவதும் இங்கே ஒரு அழுத்தில் முடிகிற வேலை, அதையும் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார்கள். கல்லூரிப் பிள்ளைகளுக்கும் என்னைப் போல டியூட்டி ஆர்டர் வாங்கிச் சலித்தவர்களுக்கும் தள்ளுபடியில் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

தோற்ற ராத்திரி, மகன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் சேமித்து வைத்த ஆட்டம் ஒன்றைக் காட்டினான். தீவு வருஷம்தான். "இங்கருந்து மறுபடி ஆடும்மா."

"மறுவாக்குப்பதிவுக்கு யாருல ஆர்டர் போட்டா?"

"நீதான அதிபர். நீயே போடு."

போட்டேன். முதல் வேலையாக வாழைத்தோட்டத்துக்குப் பக்கத்தில் குடியிருப்பு, அதை ஒட்டி ஒரு சர்ச். அவள் குடிசையைக் காலி செய்துகொண்டு கிளம்பியபோது மணி ஒன்றரை.