கேஸ் ஹீட்டர், வென்டிலேஷன் சீசன் சர்வீஸ் ரிவ்யூ: நம்பர் எழுதிக் குடுக்கறவங்களுக்கே வேலைய குடுங்க

குளிர் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி எங்க ஒர்க்‌ஷாப்போட கேஸ் ஹீட்டிங், வென்டிலேஷன் ரெண்டையும் வருஷ ஒப்பந்தத்துல ஒரு புது கம்பெனிக்கு மாத்திக் குடுத்தோம், அவங்க வேலை எப்படின்னு எழுதறேன். அஞ்சுக்கு நாலு குடுக்கலாம். அந்த ஒண்ணு எங்க போச்சுன்னும் சொல்றேன்.

முதல்ல பழைய கம்பெனி. வருவாங்க, ஃபில்டர் மாத்துவாங்க, மேல தூசி தட்டுவாங்க, ஸ்டிக்கர் ஒட்டிட்டு போயிடுவாங்க. ரிப்போர்ட்ல பர்னர் ஓகே, பெல்ட் ஓகே, டேம்பர் (காத்து வழிய தொறந்து மூடற தகடு) ஓகேன்னு வரிசையா டிக் மட்டும் இருக்கும். என்ன அளந்தாங்க, எவ்வளவு வந்துச்சுன்னு ஒரு நம்பர் இருக்காது. அப்படி ஒரு பேப்பர வச்சு போன வருஷத்துக்கு இந்த வருஷம் என்ன மாறியிருக்குன்னு எப்படி பாக்கறது?

புதுசா வந்த டெக்னீஷியன் தம்பி எதையும் கழட்டல, முதல்ல யூனிட்ட ஓட விட்டு அது இருக்கற நிலையிலயே ரீடிங் எடுத்தாரு. இதுலயே எனக்கு பாதி நம்பிக்கை வந்துருச்சு. மானோமீட்டர் மாட்டி கேஸ் வால்வுக்கு உள்ள வர்ற பிரஷர், பர்னருக்கு போற பிரஷர் ரெண்டும் பாத்தாரு. நேச்சுரல் கேஸ் யூனிட்டுக்கு பர்னர் பக்கம் பொதுவா 3.5 இன்ச் வாட்டர் காலம் (water column, கேஸ் பிரஷர தண்ணி உயரத்துல சொல்ற அளவு), புரொப்பேன்னா 10 கிட்ட, ஆனா கடைசி வார்த்தை மெஷின் மேல இருக்கற நேம்பிளேட்டுதான், அத ஃபோட்டோ எடுத்து வச்சுக்கிட்டாரு. அப்புறம் உள்ள போற காத்து, வெளிய வர்ற காத்து ரெண்டுக்கும் எவ்வளவு டெம்பரேச்சர் வித்தியாசம்னு பாத்தாரு. இதுக்கும் நேம்பிளேட்ல ஒரு ரேஞ்ச் இருக்கும். அதுக்கு மேல போனா பெரும்பாலும் காத்து குறைவுன்னு அர்த்தம், ஃபில்டர் அடைச்சிருக்கும் இல்ல பெல்ட் லூஸா இருக்கும், இப்படியே விட்டா நெருப்போட சூட்ட காத்துக்கு மாத்தற ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓவரா சூடாகி நாளடைவுல விரிசல் விடும்.

ஃப்ளேம் சென்சார் பத்தி சொல்லியே ஆகணும், ஏன்னா நல்ல குளிர் நேரத்துல "ஹீட்டர் வரல"ன்னு ஃபோன் வர்றதுக்கு இதுதான் அடிக்கடி காரணம். நெருப்புக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கற ஒரு சின்ன கம்பி அது. நெருப்பு வழியா ரொம்ப சின்ன கரண்ட் ஒண்ணு பாயும், அத வச்சுத்தான் ஹீட்டரோட கன்ட்ரோல் போர்டு நெருப்பு இருக்குன்னு தெரிஞ்சுக்கும். கம்பி மேல வெள்ளையா படிவு ஏறிட்டா கரண்ட் குறையும், நெருப்பு நல்லா எரிஞ்சாலும் போர்டு இல்லன்னு நெனச்சு கேஸ மூடிரும், சில தடவ முயற்சி பண்ணிட்டு லாக்அவுட்டுக்கு போயிரும், அதாவது ஹீட்டர் பத்தாம நின்னுரும். எங்க யூனிட் ஒண்ணுல 0.8 மைக்ரோஆம்ப்தான் வந்துச்சு. கம்பிய கழட்டி மெல்லிசு ஸ்டீல் வூல்ல தேச்சு திரும்ப மாட்டினதும் 3க்கு மேல போச்சு. ரெண்டு நம்பரும் ரிப்போர்ட்ல இருக்கு, எனக்கு வேண்டியதே இதுதான்.

பர்னர் குழாய்ல சிலந்தி வலை இருந்துச்சு, சும்மா கெடந்த மாசங்கள்ல கட்டிடும், காத்து சரியா கலக்காம நெருப்பு மஞ்சளா எரியும், சுத்தம் பண்ணிட்டாங்க. கேஸ் ஜாயின்ட் எல்லாத்துக்கும் சோப்பு தண்ணி போட்டு பாத்தாங்க, லீக் இல்ல. புளோவர் ஆன் ஆகற அந்த நொடியில நெருப்பு ஆடுதான்னு குனிஞ்சு உட்கார்ந்து பாத்தாரு, ஆடுச்சுன்னா ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல விரிசலான்னு சந்தேகப்படணும். ஆடல. ஆனாலும் ஒரு வளைவுல துரு இருக்குன்னு ஃபோட்டோவோட குறிச்சு, அடுத்த தடவ இதே எடத்த பாக்கணும்னு எழுதியிருக்காரு.

இந்த சர்வீஸுக்கு நாலு குடுக்க வச்சது வென்டிலேஷன் வேலைதான். "அண்ணே, எல்லா எக்ஸாஸ்டையும் ஒரே நேரத்துல போட்டுட்டு ஷட்டர இறக்கிருங்க"ன்னாரு. பழைய ஹீட்டர் ஒண்ணு புகைய தானா மேல இழுத்து விடற டைப், அதோட புகைக்கூண்டு வாய் கிட்ட மெல்லிசா புகை விடற ஸ்மோக் பென்சில பிடிச்சாரு. மேல போக வேண்டிய புகை உள்ள திரும்பி வந்துச்சு. உடனே அந்த ஹீட்டர ஆஃப் பண்ணி கேஸையும் மூடிட்டுத்தான் காரணம் தேடப் போனாரு. எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்ந்து காத்த வெளிய இழுக்குது, அதுக்கு ஈடா வெளிக்காத்து உள்ள வரல, அப்போ கட்டிடம் புகைக்குழாய் வழியா மூச்சு வாங்குது. 1 பங்கு மீத்தேன் முழுசா எரிய கிட்டத்தட்ட 10 பங்கு காத்து வேணும், அது கிடைக்கலன்னா கார்பன் மோனாக்சைடுங்கற விஷ வாயு உண்டாகும். அதுக்கு நிறமும் இல்ல வாசனையும் இல்ல. வேலை செய்யற எடத்துல 8 மணி நேர சராசரியா 50 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காத்துல 50 பங்கு) தாண்டக்கூடாதுன்னு அமெரிக்காவோட தொழில் பாதுகாப்பு அமைப்பு ஓஷாவோட (OSHA) விதியே இருக்கு, அங்கயே தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு நியாஷ் (NIOSH) 35ன்னு இன்னும் கீழ சொல்லுது. உள்ள வேலை பாக்கறவங்க தலைவலின்னு சொன்னா தூக்கம் பத்தலன்னு விட்டுறாதீங்க, உடனே எல்லாரையும் வெளிக்காத்துக்கு கூட்டிட்டு போங்க.

காரணம் என்னன்னா வெளிக்காத்து வர்ற டேம்பரோட மோட்டார் சுத்துது, ஆனா ஷாஃப்ட்ட பிடிக்கற கிளாம்ப் ஸ்க்ரூ லூஸ், அதனால பிளேடு பாதிக்கு மேல தொறக்கவே இல்ல. மோட்டார் சத்தம் கேட்டாலே பழைய ஆளுங்க டிக் போட்டுருவாங்க போல. தம்பி கிளாம்ப்ப டைட் பண்ணி பிளேடு முழுசா தொறக்குதான்னு கண்ணால பாத்து, திரும்ப ஷட்டர இறக்கச் சொல்லி அதே டெஸ்ட் பண்ணாரு. இந்த தடவ புகை நேரா மேல போச்சு. அனலைசர புகைக்குழாய்ல விட்டு ஆக்சிஜன், கார்பன் மோனாக்சைடு ரீடிங்கும் எடுத்துக்கிட்டாரு. ஹீட்டிங்குக்கு ஒருத்தர், வென்டிலேஷனுக்கு வேற ஒருத்தர்னு பிரிச்சு குடுத்திருந்தா இது சிக்கியிருக்குமான்னு எனக்கு சந்தேகம்தான்.

இப்போ குறை. பெல்ட் புதுசு போட்டாங்க, ஆனா புல்லி ரெண்டும் நேரா இருக்கான்னு பாக்காமலே டைட் பண்ணிட்டாங்க, கீச்சுன்னு சத்தம், நான் கூப்பிட்ட பிறகுதான் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சு சரி பண்ணாங்க. கோணலா ஓடற பெல்ட் தானும் தேயும் பியரிங்கையும் தின்னும், இது அவங்களுக்கு தெரியாததில்ல. மாடல் லிஸ்ட் முன்னாடியே அனுப்பியும் ஃபில்டர் சைஸ் தப்பா எடுத்துட்டு வந்தாங்க. மேல ஒரு யூனிட்ல பேனல் ஸ்க்ரூ ரெண்டு போடாம விட்டுட்டாங்க, காத்தடிச்சா தகரம் அடிச்சுக்குது, எங்க ஆளுதான் ஏறி போட்டாரு. ரிப்போர்ட்டும் ரொம்ப கேட்ட பிறகுதான் வந்துச்சு, வந்தது நல்லா இருந்துச்சு, அது வேற.

புக் பண்றதா இருந்தா குளிர் வர்றதுக்கு நல்லா முன்னாடியே பண்ணிருங்க. சீசன் நடுவுல இதே ஆளுங்க பிரேக்டவுன் பின்னாடி ஓடிக்கிட்டு இருப்பாங்க, நிதானமா உட்கார்ந்து அளக்க நேரம் இருக்காது. கொட்டேஷன் கேக்கும்போதே போன வேலையோட ரிப்போர்ட் ஒண்ணு, கஸ்டமர் பேர மறைச்சுட்டு அனுப்புங்கன்னு கேளுங்க, அதுல பிரஷர், டெம்பரேச்சர், கார்பன் மோனாக்சைடு ரீடிங் இல்லன்னா அந்த ஆள விட்டுருங்க.

நாங்க இவங்களையே புதுப்பிச்சுட்டோம். சீசன் முடியும்போது இன்னொரு விசிட், பெல்ட் மாத்தினா புல்லி அலைன்மென்ட், வேலை முடிஞ்ச வாரத்துக்குள்ள ரிப்போர்ட், இது மூணையும் ஒப்பந்தத்துல எழுத்துல வாங்கியாச்சு, ஃபில்டர் சைஸ் லிஸ்ட்டையும் அதோட சேர்த்தே கொடுத்துட்டோம்.