டிவியா, கியூஆர் கோடா, காசு கட்டும் ஆப்பா?

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டில் இருப்பது ஒரே ஒரு ஸ்மார்ட்போன். பகலில் அது என்னோடு வேலைக்கு வந்துவிடும். ஐந்தாவது படிக்கும் மகள் கையில் கிடைக்க இரவு எட்டு மணி ஆகும்.

அந்த வகையில் அவள் வீட்டில் பாடம் படிக்க, 2019-இல் தொடங்கிய தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி நல்ல துணை. போனும் வேண்டாம், டேட்டாவும் வேண்டாம். ஆனால் பிள்ளை குழம்பும் இடத்தில் டிவி நிற்காது. பின்னத்தில் தொகுதி எது, பகுதி எது என்று இவள் யோசிப்பதற்குள் அடுத்த கணக்கு வந்துவிடும்.

அப்புறம் காசு கட்டும் ஆப். அதை விற்க வீடு தேடி வந்தவர் மகளிடம் நாலு கேள்வி கேட்டு, "இப்பவே சேர்க்கலன்னா பின்தங்கிடுவா" என்றார். பயந்துபோய்ப் பணம் கட்டினோம். படங்கள் அழகுதான். ஆனால் அதில் வந்ததெல்லாம் நியூமரேட்டர், டினாமினேட்டர். தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு அதுதான் தன் புத்தகத்தில் இருக்கும் தொகுதி, பகுதி என்று தெரியவே இல்லை. மூன்று மாதத்தில் நிறுத்திவிட்டோம்.

கடைசியில் கைகொடுத்தது பாடப்புத்தகத்திலேயே அச்சிட்டிருந்த கியூஆர் கோடு. திக்‌ஷா என்ற அரசின் பாட ஆப்பில் ஸ்கேன் செய்தால் அதே பாடம், அதே தமிழ்ச் சொற்களோடு வருகிறது. காசில்லை. இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். ஒருநாள் வீடியோவைப் பாதியில் நிறுத்திவிட்டு, கிழித்த காலண்டர் தாளை எட்டாக மடித்தாள். இரண்டு கட்டத்துக்குக் கலர் அடித்து, "அப்பா, எட்டில் இரண்டும் நாலில் ஒன்றும் ஒரே அளவுதான்!" என்று கத்தினாள். டிவி முன்னால் அவளுக்கு இந்த அவகாசம் கிடைத்ததில்லை.

வாசிப்புக்கு இந்த மூன்றையும்விட உதவியது போனில் சும்மா கிடந்த வாய்ஸ் ரெக்கார்டர். எங்கள் பக்கத்துப் பேச்சில் வாழைப்பழம் 'வாயப்பயம்' ஆகிவிடும். வீட்டில் அப்படிப் பேசுவதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் எழுதும்போதும் அவளுக்கு 'ய' வந்துகொண்டிருந்தது. ஒரு பத்தியை வாசித்துப் பதிவு செய்து, புத்தகத்தில் விரல் வைத்தபடி திரும்பக் கேட்பாள். தவறை அவளே பிடித்து, பென்சிலால் வட்டம் போடுவாள். நான் வாயே திறப்பதில்லை.

போனே இல்லாத வீடு என்றால் டிவியை விடாதீர்கள், குழம்பிய இடத்தைக் குறித்துவைக்கப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். போன் இருந்தால் முதலில் கியூஆர் கோடு. ஆப்புக்குக் கட்டாயம் காசு கட்டத்தான் வேண்டும் என்றால், அதற்கு முன் உங்கள் பிள்ளையின் புத்தகத்தில் இருக்கும் ஒரு பாடத்தை அதில் திறந்து காட்டச் சொல்லுங்கள்.