ஒரே எஸ்எஸ்டியில் விண்டோஸும் உபுண்டுவும்: நான்கு வருட பார்ட்டிஷன் அனுபவம்

512 ஜிபி எஸ்எஸ்டி உள்ள மடிக்கணினி. விண்டோஸ் அதில் ஏற்கெனவே இருந்தது, வேலைக்கு அதுவும் தேவை. அதனால் பக்கத்திலேயே லினக்ஸ் வகையான உபுண்டுவை நிறுவினேன். நான்கு வருடம் ஆகிவிட்டது, இரண்டும் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் முதல் நாள் போட்ட பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) வரிசையை நடுவில் இரண்டு முறை மாற்ற வேண்டி வந்தது. புதிதாக நிறுவுகிறவர்கள் "ரூட்டுக்கு எத்தனை ஜிபி விடலாம்?" என்றுதான் முதலில் கேட்பார்கள்; ரூட் என்பது லினக்ஸ் சிஸ்டம் இருக்கும் பகுதி. எந்த பார்ட்டிஷனுக்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்பதையும் அதே அளவு யோசிக்க வேண்டும்.

முதல் வேலை சி டிரைவைச் சுருக்குவது. இதை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே செய்தேன். பாதி டிரைவ் காலியாக இருந்தும் கொஞ்ச இடத்தைத்தான் விட்டுக்கொடுத்தது. பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன் ஃபைல் போன்ற நகர்த்த முடியாத கோப்புகள் நடுவில் உட்கார்ந்திருந்தால் அதற்கு இந்தப் பக்கம் சுருக்க முடியாது. ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் புரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து மறுபடி பூட் செய்ததும் கேட்ட இடம் கிடைத்தது. டிரைவைக் குறியாக்கம் செய்து பூட்டும் பிட்லாக்கர் இயங்குகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அதன் 48 இலக்க மீட்புச் சாவியை வேறொரு இடத்தில் எழுதி வைக்காமல் பார்ட்டிஷனில் கை வைக்கவே கூடாது.

லினக்ஸுக்கு 200 ஜிபி ஒதுக்கினேன். ரூட் 30, அடுத்து ஸ்வாப் (ரேம் போதாதபோது பயன்படும் இடம்) 8, மீதி எல்லாம் ஹோம் (சொந்தக் கோப்புகளின் இடம்). இன்ஸ்டாலரில் ஏற்கெனவே இருந்த ஈஎஃப்ஐ பார்ட்டிஷனையே (கணினியைத் தொடங்கும் பூட் லோடர்கள் இருக்கும் பகுதி) தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் டிக் விழாமல் பார்த்துக்கொண்டேன். அது விழுந்தால் விண்டோஸின் பூட் லோடரும் சேர்ந்து போய்விடும்.

ஒன்றரை வருடம் எந்தப் பிரச்சினையும் இல்லை. அப்புறம் ஒருநாள் அப்டேட் பாதியில் நின்றது, ரூட்டில் இடமில்லை. லினக்ஸின் மையமான கெர்னலின் பழைய பதிப்புகளை நீக்கியதில் கொஞ்சம் கிடைத்தது. ஆனால் செயலிகளை நிறுவவும் ஓட்டவும் உதவும் ஃபிளாட்பேக், டாக்கர் இரண்டும் வழக்கமாகத் தங்கள் சரக்கை ரூட்டுக்குள் இருக்கும் வார் (/var) அடைவில்தான் வைக்கும். ஹோமில் 100 ஜிபிக்கு மேல் காலியாகக் கிடக்க, ரூட் மூச்சுத் திணறியது.

லினக்ஸின் வழக்கமான கோப்பு முறையான ஈஎக்ஸ்டி4 உள்ள பார்ட்டிஷனுக்கு வலது பக்கத்தில் காலியிடம் இருந்தால், ஓடிக்கொண்டிருக்கும்போதே நிமிடங்களில் பெரிதாக்கலாம். என் ரூட்டுக்கு வலது பக்கம் இருந்தது ஸ்வாப். அதை அழித்து அந்த 8 ஜிபியை ரூட்டோடு சேர்த்தேன், ஸ்வாப்பை ஒரு கோப்பாக மாற்றிக்கொண்டேன். பூட்டின்போது எந்தெந்தப் பார்ட்டிஷனை இணைக்க வேண்டும் என்ற பட்டியலான எஃப்எஸ்டேபில் பழைய ஸ்வாப் வரியை நீக்க மறந்துவிட்டேன். இல்லாத பார்ட்டிஷனுக்காக ஒவ்வொரு பூட்டிலும் ஒன்றரை நிமிடம் காத்திருந்தது. வரியை எடுத்ததும் சரியானது.

38 ஜிபியும் ஒரு வருடத்தில் நிறைந்தது. இந்த முறை ஹோமின் தொடக்கத்தையே வலப்பக்கம் தள்ள வேண்டும். கடைசியில் வெட்டுவது சின்ன வேலை. தொடக்கத்தை நகர்த்தினால் உள்ளே இருக்கும் தரவு முழுவதும் இடம் மாறியாக வேண்டும், நடுவில் மின்சாரம் போனால் எல்லாம் போச்சு. ஹோம் முழுவதையும் வெளி டிரைவில் நகலெடுத்து, சார்ஜரை மாட்டி, லைவ் யூஎஸ்பியிலிருந்து (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவ்) பார்ட்டிஷன் கருவியான ஜிபார்ட்டெட்டில் ஆரம்பித்தேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரம் முழுக்கத் திரையை விட்டு நகரவில்லை. நகர்த்தினாலும் பார்ட்டிஷனின் அடையாள எண்ணான யூயூஐடி மாறாது என்பதால் எஃப்எஸ்டேபைத் தொட வேண்டியிருக்கவில்லை. இன்று ரூட் 88, ஹோம் 112. தாராளமாக ஓடுகிறது.

ஹோமைத் தனியாகப் பிரித்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். நடுவில் ஒருமுறை உபுண்டுவை முழுவதும் புதிதாக நிறுவியபோது ஹோமை ஃபார்மேட் செய்யாமல் விட்டேன். கோப்புகளும் பிரவுசர் அமைப்புகளும் அப்படியே இருந்தன. பிரிப்பதானால் ரூட்டுக்கு 80 ஜிபியாவது கொடுங்கள். நடுவில் ஸ்வாப் பார்ட்டிஷன் வேண்டாம், கோப்பே போதும். அவ்வளவு இடம் இல்லாதவர்கள் இரண்டையும் ஒன்றாகவே வைத்துக்கொள்ளலாம்.

இரண்டு பக்கமும் திறக்க 60 ஜிபியில் ஒரு என்டிஎஃப்எஸ் (விண்டோஸின் கோப்பு முறை) பார்ட்டிஷனும் உண்டு. விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கினால் ஷட்டவுன் செய்தாலும் அது பாதி ஹைபர்னேஷன்தான். அந்த நிலையில் லினக்ஸில் என்டிஎஃப்எஸ் டிரைவ்களைத் திறந்தால் படிக்க மட்டும் முடியும், எழுத விடாது. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டேன், அதன்பின் ஒருமுறைகூடச் சிக்கல் வரவில்லை.

இன்னும் தீராத ஒன்று ஈஎஃப்ஐ பார்ட்டிஷன். விண்டோஸ் போட்டுவைத்த 100 எம்பிதான். உபுண்டுவின் பூட் லோடரான க்ரப்புக்குச் சில எம்பி போதும், அதனால் உபுண்டுவுக்குக் குறையில்லை. சிஸ்டம்டி-பூட் என்ற வேறொரு பூட் லோடரைப் பயன்படுத்தும் பாப் ஓஎஸ் என்ற லினக்ஸ் கெர்னலையே அங்கே வைக்கும், அதற்கு இந்த இடம் போதாது. பெரிதாக்கலாம் என்றால் வலது பக்கம் 16 எம்பி ரிசர்வ்டு பார்ட்டிஷன், அதை ஒட்டி சி டிரைவ். விண்டோஸை அழித்து மறுபடி நிறுவும் நாள் வந்தால் முதலில் 1 ஜிபியில் ஈஎஃப்ஐ பார்ட்டிஷனை நானே உருவாக்கிவிட்டுத்தான் மற்றதைத் தொடங்குவேன்.