கிராம்ப்ஸ் வம்சாவளி மென்பொருள்: மாறுகிறவர்களுக்கு ஒரு மதிப்புரை

வம்சாவளி மென்பொருளை மாற்ற நினைப்பவர்கள் பெரும்பாலும் புதியதில் என்னென்ன வசதிகள் உள்ளன என்றுதான் முதலில் பார்க்கிறார்கள். பழையதில் சேர்த்துவைத்த சான்றுகள் புதியதிலும் சான்றுகளாகவே வந்து சேருமா என்பதே அதைவிட முக்கியமான கேள்வி என்பது என் கருத்து. நெடுங்காலம் பயன்படுத்திய ஒரு கட்டண மென்பொருளிலிருந்து கட்டற்ற மென்பொருளான கிராம்ப்ஸுக்கு அண்மையில் மாறினேன். அந்தக் கேள்வியை முன்வைத்தே அதை இங்கு மதிப்பிடுகிறேன்.

பழைய மென்பொருள் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தது என்றாலும், அதன் கோப்பை வேறெதிலும் திறக்க முடியாது என்பது கவலையாக இருந்தது. இந்தத் துறையில் அது வீண் கவலை அன்று. மிகப் பலர் நம்பியிருந்த பெர்சனல் ஆன்செஸ்ட்ரல் ஃபைல் என்ற வம்சாவளி மென்பொருள் 2013-இல் நிறுத்தப்பட்டது. ஃபேமிலி ட்ரீ மேக்கர் விற்பனை நிறுத்தப்படும் என்று 2015-இன் இறுதியில் அறிவிப்பு வந்து, 2016-இல் வேறொரு நிறுவனம் அதை ஏற்றதால்தான் அது பிழைத்தது. மூன்று தலைமுறைக்குப் பின்னும் படிக்கப்பட வேண்டிய தகவலை ஒரே நிறுவனத்தின் ஆயுளோடு பிணைத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்குச் செல்ல இருக்கும் பொதுவழி, வம்சாவளித் தகவலை எழுதிவைக்கும் உரை வடிவமான ஜெட்காம் கோப்பு. 1984-இல் தோன்றிய இந்த வடிவத்தின் 5.5.1 பதிப்பு 1999-இல் வரைவாக வெளிவந்து, 2019-இல்தான் முறைப்படி இறுதியாக்கப்பட்டது, 2021-இல் 7.0 வந்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்குத் தேவையானதை அடிக்கோட்டில் தொடங்கும் சொந்தக் குறிச்சொற்களாக (தகவலின் வகையைச் சுட்டும் சொற்களாக)ச் சேர்த்துக்கொண்டது. ஆகவே பெயர், பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவை எங்கும் பத்திரமாகச் சென்றுசேர்கின்றன. சான்றின் பக்க எண், அதன் நம்பகத்தன்மை குறித்த மதிப்பீடு, ஒரே நிகழ்வில் சாட்சியாக நின்றவர்களின் பெயர்கள், படங்கள் இருக்கும் இடம் போன்றவைதாம் வழியில் சிதைகின்றன. பழைய மென்பொருள் தந்த கோப்பிலும் அப்படித்தான் நேர்ந்தது: சான்று விவரங்கள் பல ஒரே குறிப்பாகக் குவிந்திருந்தன, படங்களின் முகவரிகள் யாவும் பழைய கணினியின் கோப்புறைகளையே சுட்டின.

கிராம்ப்ஸ் என் மதிப்பைப் பெற்றது இந்த இடத்தில்தான். ஜெட்காமில் தனக்குப் புரியாத வரிகளை அது ஓசையின்றி விட்டுவிடுவதில்லை. எந்த நபரின் பதிவில் எந்த வரி ஏற்கப்படவில்லை என்பதை அந்தப் பதிவோடு இணைந்த குறிப்பாக எழுதிவைக்கிறது. இறக்குமதியாகும் எல்லாவற்றிற்கும் ஒரு அடையாளச் சொல்லை ஒட்டும்படியும் அமைத்துக்கொள்ளலாம் என்பதால், எதைச் சரிபார்த்தோம், எது மீதமிருக்கிறது என்ற குழப்பம் எழுவதில்லை. படங்களின் முகவரிகளை ஒட்டுமொத்தமாக மாற்றவும், அவற்றை ஒரு அடிப்படைக் கோப்புறையிலிருந்து தொடங்கும் சார்பு முகவரிகளாக்கவும் ஊடக மேலாளர் என்ற கருவி உதவுகிறது. தொலைந்தது எது என்று தெரிந்தால் திரும்பச் சேர்த்துவிடலாம். தொலைந்ததே தெரியாமல் போவதுதான் ஈடுசெய்ய முடியாத இழப்பு.

உள்ளமைப்பிலும் அது சான்றுகளுக்கு உரிய இடம் தருகிறது. மூல ஆவணம் ஒரு தனிப்பதிவு. அதிலிருந்து எடுத்த மேற்கோள் இன்னொன்று. ஆவணம் இருக்கும் காப்பகம் மற்றொன்று. மேற்கோள் ஒவ்வொன்றின் நம்பகத்தன்மையையும் மிகக் குறைவு முதல் மிக அதிகம் வரை ஐந்து படிகளில் குறிக்கலாம். ஊர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, எந்தக் காலத்தில் அந்த ஊர் எந்தப் பெயரில், எந்த நிர்வாகத்தின் கீழ் இருந்தது என்பதையும் பதியலாம். குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை பெயரைத் தாங்குகிறவர்களுக்கு, அது தந்தைவழிப் பெயர் என்றே குறிக்க முடிகிறது. எல்லாரையும் முதற்பெயர், குடும்பப் பெயர் என்ற ஒரே அச்சில் அடைக்கும் மென்பொருள்களோடு மல்லாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறைகள் உண்டு, அவை சிறியவையும் அல்ல. ஒரு பிறப்பைச் சான்றோடு பதிய வேண்டுமானால் நிகழ்வு, இடம், மேற்கோள், மூலம் என்று சாளரத்துக்குள் சாளரமாகத் திறந்துகொண்டே போக வேண்டும். பெயர்களை விரைவாக உள்ளிட்டு அழகிய வரைபடம் ஒன்றை அச்சிட விரும்புகிறவருக்கு இது பொறுமையைச் சோதிக்கும். இணையத்தில் உள்ள பிறர் தொகுப்புகளோடு ஒப்பிட்டு உறவினரைப் பரிந்துரைக்கும் வசதி மென்பொருளுக்குள் இல்லை. ஜெட்காமிலிருந்து வரும் இடப்பெயர்கள் காற்புள்ளியிட்ட நீண்ட தொடர்களாகவே வருவதால், அவற்றை அடுக்குகளாகப் பிரிக்கும் உழைப்பு பெரும்பாலும் நம்முடையது. மேலும், கிராம்ப்ஸிலிருந்து ஜெட்காமாக வெளியே எடுக்கும்போது, பலருக்குப் பொதுவாகப் பகிர்ந்த நிகழ்வுகளும் இட அடுக்குகளும் முழுமையாகச் செல்வதில்லை. ஆயினும் அதன் சொந்த ஏற்றுமதிக் கோப்பு எக்ஸ்எம்எல் என்ற உரை வடிவத்தின் சுருக்கப்பட்ட கோப்பு என்பதால், விரித்தால் எந்த உரைத் தொகுப்பியிலும் படிக்கலாம். படங்களையும் சேர்த்து ஒரே பொதியாகக் காப்புநகல் எடுக்கவும் வழி இருக்கிறது.

சான்றுகளைப் பொருட்படுத்தித் தொகுக்கிறவர்களுக்குக் கிராம்ப்ஸைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். மாற முடிவுசெய்தால், ஏற்றுமதிக்கு முன் பழையதிலேயே இரட்டைப் பதிவுகளை நீக்கி, முழு அறிக்கை ஒன்றையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். இறக்குமதி முடிந்ததும் நபர்கள், குடும்பங்கள், மூலங்கள் ஆகியவற்றின் எண்ணிக்கையை இரு பக்கமும் ஒப்பிட்டு, அதிகச் சான்றுகள் உள்ள ஒருவரின் பதிவை எடுத்து வரி வரியாகச் சரிபாருங்கள். ஏற்கப்படாத வரிகளைப் பற்றிய குறிப்புகளில் கடைசி ஒன்றையும் தீர்க்கும்வரை பழைய மென்பொருளைக் கணினியிலிருந்து நீக்க வேண்டாம்.