பள்ளி மாற்றல் ஆலோசனை நிலையம்: ஆஸ்திரேலியாவுக்குப் போகலாம், அமெரிக்காவுக்குக் காசைக் கொட்ட வேண்டாம்

நாங்கள் சிங்கப்பூரில் இருக்கிறோம், மகன் உயர்நிலை 3. உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வுக்குப் பதிலாக 2027இல் வரும் எஸ்இசி தேர்வை முதன்முதலில் எழுதப்போகும் பிள்ளைகளில் ஒருவன். அந்தப் பதற்றமோ என்னவோ, 11, 12ஆம் வகுப்பை வெளிநாட்டில் படித்துவிட்டு அப்படியே அங்கே பல்கலைக்கழகம் சேர்ந்தால் என்ன என்று வீட்டில் பேச்சு வந்து, நானும் மனைவியும் நகர மையத்தில் ஒரு கடைத்தொகுதியில் இருக்கும் ஆலோசனை நிலையத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம்.

முதல் சந்திப்பு இலவசம். ஆஸ்திரேலியாவைப் பார்த்துக்கொள்ளும் அம்மா நல்ல விவரமானவர். அங்கே பள்ளி ஜனவரிக் கடைசியில் தொடங்குவதால் இங்கே ஆண்டிறுதி விடுமுறை முடிந்த கையோடு போய்விடலாம், 18 வயதுக்குக் கீழே என்றால் எங்கே தங்குவான், யார் பார்த்துக்கொள்வார் என்று காட்டாமல் விசா கிடைக்காது, பெற்றோரில் ஒருவர் கூடப் போவதற்குத் தனி விசா இருக்கிறது என்று எல்லாவற்றையும் நாம் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். நியூ சவுத் வேல்ஸில் 12ஆம் வகுப்புத் தேர்வில் தமிழையே ஒரு பாடமாக எழுதலாம் என்பது மட்டும் அவருக்குத் தெரியவில்லை. நான் சொன்னதும் குறித்துக்கொண்டார், அது எனக்குப் பிடித்திருந்தது.

அமெரிக்கா பக்கம் வேறு கதை. அந்தத் தம்பி விசா விதியைச் சரியாகத்தான் சொன்னார்: எஃப்-1 என்ற மாணவர் விசாவில் அரசு உயர்நிலைப் பள்ளியில் மொத்தமே 12 மாதம்தான் படிக்கலாம், அதுவும் முழுச் செலவையும் நாமே கட்டி, அதற்கு மேல் வேண்டுமென்றால் தனியார் பள்ளிதான். சரி. ஆனால் அங்கே போய்ப் படித்தால் நல்ல கல்லூரி கிடைப்பது சுலபம் என்றாரே, அங்கேதான் இடித்தது. அமெரிக்கக் கல்லூரிகள் 9 முதல் 12 வரை நாலு வருட மதிப்பெண்ணையும் பார்க்கும், பள்ளியில் மாணவருக்கு வழிகாட்டும் கவுன்சிலரின் கடிதமும் கேட்கும். 11ஆம் வகுப்பில் புதிதாகப் போய் நிற்கும் பையனைப் பற்றி அந்தக் கவுன்சிலர் என்னத்தை எழுதுவார்? அங்கே படித்தாலும் விண்ணப்பத்தில் அவன் வெளிநாட்டு மாணவன்தான். இங்கே தொடக்கக் கல்லூரியில் 11, 12ஆம் வகுப்பைப் படித்து, அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வையும் இங்கேயே எழுதி நேராகப் போகிற பிள்ளைகள் எத்தனையோ பேர். இதைக் கேட்டதற்குப் பதில் வரவில்லை, சில ஆயிரம் வெள்ளி கல்லூரித் தயாரிப்புத் திட்டத்தின் வண்ணத்தாள் வந்தது.

என்னை உண்மையில் எரிச்சல்படுத்தியது தேசிய சேவை, அதாவது இங்கே ஆண்பிள்ளைகள் கட்டாயம் செய்ய வேண்டிய ராணுவச் சேவை. ஆண்பிள்ளை, சிங்கப்பூரர், வயது 15. இந்த மூன்றும் படிவத்தில் இருக்கிறது, ஆனாலும் நானாகக் கேட்கும்வரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. 13 வயதுக்கு மேல் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருக்க எக்ஸிட் பெர்மிட் என்ற அரசு அனுமதி வேண்டும். வயதையும் காலத்தையும் பொறுத்துப் பிணையும் கேட்பார்கள், அது குறைந்தது 75,000 வெள்ளி, அல்லது அப்பா அம்மா இருவரின் ஆண்டு வருமானத்தில் பாதி, எது அதிகமோ அது. பள்ளிப் படிப்பு முடியும்வரை சேவையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், வெளிநாட்டுப் பட்டப்படிப்புக்கு என்று தள்ளிவைக்க மாட்டார்கள். ஆக 12 முடித்ததும் திரும்பி வந்து இரண்டு வருடம் சேவை செய்துவிட்டுத்தான் கல்லூரி. 'அப்படியே அங்கே சேர்ந்துவிடலாம்' என்ற கணக்கே மகன்களுக்குச் செல்லாது. பெண்பிள்ளை வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்!

சேவைக் கட்டணம் இல்லை என்று அவர்கள் சொல்லும்போது, பள்ளியிடமிருந்து கமிஷன் வருகிறதா என்று கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டோம், ஆஸ்திரேலிய அம்மா தயங்காமல் ஆமாம் என்றார். ஆக, காட்டும் பள்ளிகள் அவர்கள் பட்டியலில் உள்ளவை மட்டுமே. சிட்னியில் நாங்கள் விசாரித்து வைத்திருந்த ஒரு பள்ளி அதில் இல்லை, அதைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே வேறு பள்ளிக்குத் தாவினார்கள்.

ஐந்துக்கு மூன்று கொடுப்பேன், அந்த மூன்றும் அந்த அம்மாவுக்கு. ஆஸ்திரேலியா என்று முடிவாகிவிட்டால் விசா, தங்குமிட வேலைக்குத் தாராளமாகப் போகலாம். கல்லூரித் தயாரிப்புத் திட்டத்துக்கு முன்பணம் கட்டாதீர்கள். சனிக்கிழமை பிற்பகல் போகாதீர்கள், உட்கார நாற்காலி கிடைக்காது.