ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறோம் என்று மார்த்தாண்டத்தில் காசு பிடுங்குகிறார்கள்

எம்.ஏ., எம்.எஸ்.டபிள்யூ. சேர்ந்துவிட்டு யூ.பி.எஸ்.சி. கனவோடு இருக்கிற நம்ம குமரி மாவட்டப் பிள்ளைகளைக் குறிவைத்து ஒரு கூட்டம் ஆள் பிடிக்கிறது. என் அக்கா மகள் மாட்டிக்கொண்டாள். அவர்கள் பெயரைப் போடவில்லை. போட்டால் வேறு போர்டு மாட்டிக்கொண்டு அடுத்த தெருவில் உட்கார்ந்துவிடுவார்கள்.

மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் இருக்கிற கன்சல்டன்சி. "மக்கா, மாசம் பதினஞ்சாயிரம் ஸ்காலர்ஷிப் உண்டு. கூடவே நான் முதல்வன் பணம் ஏழாயிரத்து ஐந்நூறும் உண்டு. டெல்லியில நமக்கு ஆள் உண்டு" என்றாராம் அங்கிருந்தவர். பிராசஸிங் ஃபீஸ் என்று ரூ.4,000 வாங்கிக்கொண்டார். ரசீதில் 'சர்வீஸ் சார்ஜ்' என்பதைத் தவிர எந்தத் திட்டத்துக்கு என்று ஒரு வார்த்தை கிடையாது. இ-சேவையில் 60 ரூபாய்க்கு முடிகிற வருமானச் சான்றிதழுக்குத் தனியாக 500!

அவர் சொன்ன இரண்டும் நிஜமாகவே இருக்கிற திட்டங்கள். அதனால்தான் நம்பிவிடுகிறோம். முதலாவது பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் முதுகலை உதவித்தொகை: மாதம் ரூ.15,000, வருஷத்துக்கு 10 மாதம், 10,000 பேருக்கு. இளங்கலை மதிப்பெண்ணை வைத்துத்தான் தேர்வு. இரண்டாவது தமிழக அரசு தருவது. யூ.பி.எஸ்.சி. முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க 10 மாதம், 1,000 பேருக்கு. அதற்குத் தனிப் பரீட்சை எழுதித் தேறவேண்டும். இரண்டுக்கும் விண்ணப்பக் கட்டணமே இல்லை. மார்க்கை வைத்துக் கொடுக்கிற பணத்தில் டெல்லி ஆளுக்கு என்ன வேலை?

காசு போனதுகூடப் பரவாயில்லை. யு.ஜி.சி. பணத்துக்கு விண்ணப்பிக்கிற தேசிய உதவித்தொகை போர்ட்டலில் ஓ.டி.ஆர். (ஒருமுறைப் பதிவு) என்று 14 இலக்க எண் ஒன்று தருவார்கள். படிப்புக் காலம் முழுக்க அதுதான். அந்தப் பதிவில் அவளுடைய நம்பருக்குப் பதில் தங்கள் ஆபீஸ் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். ஆதார் ஓ.டி.பி.யை மட்டும் போனில் கேட்டு வாங்கியிருக்கிறார்கள். அப்புறம், இங்கேதான் படிக்கிறாள் என்று கல்லூரி தருகிற போனஃபைடு சர்டிபிகேட் ஏற்றவேண்டிய இடத்தில் பழைய மார்க்‌ஷீட். கல்லூரி அதைத் திருப்பி அனுப்ப, அந்த எஸ்.எம்.எஸ். போனது அவர்கள் போனுக்கு. இவள் பாட்டுக்கு வங்கிக் கணக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லூரி ஆபீசில் சொல்லித் தெரிந்தபோது திருத்துவதற்கான கெடு முடிந்துவிட்டது. முதலாம் ஆண்டில்தான் புதிதாக விண்ணப்பிக்க முடியும் என்பதால் அடுத்த வருஷமும் வழியில்லை.

நேரில் போய்க் கேட்டேன். "சர்வர் பிரச்சினை சார்" என்று கையை விரித்துவிட்டார்.

பிள்ளைகளே, போன் நம்பரும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கட்டும். சந்தேகம் என்றால் உங்கள் கல்லூரியில் உதவித்தொகையைப் பார்க்கிற நோடல் அதிகாரியிடம் போங்கள், அது அவர் வேலை. ஆன்லைனில் பணம் அனுப்பி ஏமாந்திருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

போலீசுக்குப் போவேன் என்றதும் 2,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி வேண்டுமானால் கூகுளில் போட்ட ரிவ்யூவை எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கப்போவதில்லை.